அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்கள் நடத்தும் அமைப்புகள் அறக்கட்டளை நிதி பெறுவது எப்படி

பெண்களுக்கான அமெரிக்க அறக்கட்டளையான மிஸ் ஃபவுண்டேஷன் ஃபார் விமன் 2020-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 2017-ல் அமெரிக்க அறக்கட்டளைகள் கொடுத்த 6,690 கோடி டாலரில், வெள்ளையரல்லாத பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று குறித்துப் போனது 35.6 கோடி டாலர். அதாவது 0.5 சதவீதம். தலைக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5 டாலர் 48 சென்ட்.

கறுப்பின, லத்தீன, ஆசிய, பூர்வகுடிப் பெண்கள் தலைமையிலான அமைப்புகளுக்கு என்றே ஒதுக்கிய நிதி சிறிய குளம், அதைச் சுற்றிக் கூட்டம் அதிகம். பெரும்பணம் கிடப்பது வீட்டுவசதி, பொதுச் சுகாதாரம், தொழிலாளர் உரிமை, குடும்ப வன்முறைத் தடுப்பு என்று வேலையின் பெயரில் நிதி தரும் பொதுவான அறக்கட்டளைகளில். கேட்க வேண்டிய இடங்களில் பெரும்பகுதி அங்கேதான்.

முதலில் காகிதம்

அறக்கட்டளைகள் பெரும்பாலும் 501(சி)(3) தகுதி, அதாவது அறப்பணி அமைப்புக்கான வரிவிலக்கு, உள்ள அமைப்புக்குத்தான் காசோலை எழுதும். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் படிவம் 1023 போட 600 டாலர், சுருக்கமான 1023-இ.இசட் போட 275 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் வரவு 50,000 டாலரைத் தாண்டாது, சொத்து மதிப்பு 2,50,000 டாலருக்குள் என்றால் சுருக்கப் படிவம் போதும். வேகமாகக் கிடைக்கும் என்பதற்காக, 50,000-ஐத் தாண்டுவோம் என்று தெரிந்தும் அதைப் போடாதீர்கள். முதல் பெரிய கிராண்ட் (நிதியுதவி) வரும்போது சிக்கல் அதிலிருந்துதான் கிளம்பும். அமைப்பு பதிவான மாதம் முடிந்ததிலிருந்து 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், வரிவிலக்கு பதிவு நாள் முதலே செல்லும்.

ஆண்டுக் கணக்கு அடுத்தது. வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற மின்னஞ்சலட்டை போதும், பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டு போடாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும், பெயரும் ஐ.ஆர்.எஸ்.ஸின் பொதுப் பட்டியலில் ஏறும். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். அறக்கட்டளையின் திட்ட அதிகாரி உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவார். ஜனவரி–டிசம்பர் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசி நாள் மே 15. இதோடு, நன்கொடை திரட்டுவதற்கு முன் தனிப் பதிவும் கேட்கும் மாநிலங்கள் சுமார் 40.

புலம்பெயர்ந்தோர் தொடங்கும் சிறு அமைப்புகளில் அடிக்கடி இடிப்பது நிர்வாகக் குழு. தலைவி, அவர் கணவர், ஒரு தோழி என்று மூன்றே பேர் இருப்பார்கள், காசோலையில் கையெழுத்து கணவருடையது. சட்டம் இதைத் தடுக்காத மாநிலத்திலும் அறக்கட்டளை இதை ஏற்காது. ஒருவருக்கொருவர் உறவில்லாத ஐந்து பேராவது வேண்டும். அவர்களில் ஒருவர் கணக்கு வழக்கு தெரிந்தவர், இன்னொருவர் உங்கள் சேவையைப் பெறும் மக்களில் ஒருவர். "பெண்கள் தலைமை" என்று எழுதும்போது சில நிதியாளர்கள் இயக்குநரை மட்டும் பார்ப்பார்கள், சிலர் குழுவில் பாதிக்கு மேல் கேட்பார்கள். லாப நோக்கற்ற அமைப்புகளின் விவரங்களைத் திரட்டும் கேண்டிட் தளத்தில் உங்கள் அமைப்பின் பக்கத்தை நிரப்பி, குழு, ஊழியர் விவரங்களையும் பதிந்து வையுங்கள். கட்டணம் கிடையாது. பல நிதியாளர்கள் அங்கிருந்தே விவரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

சொந்தமாக 501(சி)(3) இன்னும் வரவில்லையா? ஃபிஸ்கல் ஸ்பான்சர், அதாவது உங்களுக்காக நிதியைப் பெற்று வைக்கும் 501(சி)(3) அமைப்பு ஒன்றின் கீழ் இயங்கலாம். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் பிடித்துக்கொண்டு உங்கள் வேலைக்குச் செலவிடுவார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடக் கூடாது. பில் கொடுத்தால் எத்தனை நாளில் காசோலை வரும், பிரிந்து போகும்போது மீதிப் பணமும் நன்கொடையாளர் பட்டியலும் யாருக்கு, ஊழியரை வேலைக்கு எடுப்பது யார் பெயரில், இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

990-பி.எஃப் என்ற கண்ணாடி

தனியார் அறக்கட்டளைகள் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் 990-பி.எஃப் என்ற கணக்குப் படிவம் போட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசம். விண்ணப்பம் எழுதச் செலவிடும் நேரத்தில் பாதியை இதைப் படிக்கச் செலவிட்டால் வீண் போகாது.

நேரே பகுதி 14-க்குப் போங்கள் (பழைய ஆண்டுகளின் படிவத்தில் அது பகுதி 15). அங்கே இரண்டாவது வரியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் குறியிட்டிருந்தால், அந்த அறக்கட்டளை தானே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும், கேட்காமல் வரும் விண்ணப்பங்களைப் பார்க்காது என்று பொருள். கடிதம் எழுதி நேரத்தைக் கொல்ல வேண்டாம், அவர்களுடைய குழுவில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது வரியில்தான் விஷயம். 3ஏ பட்டியலில் அந்த ஆண்டு பணம் போன ஒவ்வொரு அமைப்பின் பெயரும், காரணமும், தொகையும் இருக்கும். உங்கள் அளவுள்ள, உங்கள் ஊரில் உள்ள அமைப்புகளை வட்டமிடுங்கள். அவற்றின் தொகைகளில் நடுவில் விழுவதுதான் நீங்கள் முதல் முறை கேட்கத்தக்க தொகை. அவர்கள் 15,000 கொடுக்கும் இடத்தில் 1,00,000 கேட்பது படிக்காமல் வந்ததைக் காட்டிக்கொடுக்கும். 3பி பட்டியல் வரும் ஆண்டுகளுக்கு என்று ஒப்புக்கொண்ட தொகைகள். அது காலியாக இருந்தால், பல ஆண்டு நிதி தரும் பழக்கம் அங்கே அநேகமாக இல்லை. மூன்று ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்தால், ஒரே பத்துப் பேருக்கே திரும்பத் திரும்பப் போகிறதா, புதியவர்களும் நுழைகிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

சமுதாய அறக்கட்டளைகளும் மகளிர் நிதியங்களும் 990-பி.எஃப் போடுவதில்லை. அவற்றுக்கு 990 படிவத்தின் அட்டவணை ஐ-யைப் பாருங்கள், 5,000 டாலருக்கு மேல் பெற்ற அமைப்புகள் அதில் இருக்கும். முதல் கிராண்ட் என்றால் கிவிங் சர்க்கிள்களையும் விடாதீர்கள். நியூயார்க்கின் ஏசியன் விமன் கிவிங் சர்க்கிள் போன்றவற்றில் உறுப்பினர்கள் தங்கள் பணத்தைச் சேர்த்துத் தாங்களே முடிவெடுக்கிறார்கள். தொகை சிறிதுதான். அடுத்தவர் நம்புவதற்கு அதுவே முதல் சாட்சி.

2024-க்குப் பிறகு மாறியது

அட்லாண்டாவின் முதலீட்டு நிறுவனமான ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் தரும் போட்டி ஒன்றை நடத்தியது. 2023 ஆகஸ்டில், இன அடிப்படையிலான முன்னுரிமைகளை எதிர்க்கும் அமெரிக்கன் அலையன்ஸ் ஃபார் ஈக்வல் ரைட்ஸ் வழக்குப் போட்டது. 1866-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு 1981, ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக வந்த சட்டம் அது. 2024 ஜூனில் 11-ஆவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் போட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னது, செப்டம்பரில் சமரசத்தோடு அது மூடப்பட்டது. விதிகளுக்கு உட்பட்டுப் பங்கேற்றுப் பரிசு பெறுவதை நீதிமன்றம் ஒப்பந்தமாகப் பார்த்ததுதான் இங்கே முக்கியம்.

அந்தத் தீர்ப்பின் கட்டுப்பாடு ஜார்ஜியா, புளோரிடா, அலபாமாவுக்குத்தான். ஆனால் வழக்கறிஞர்களின் அச்சத்துக்கு எல்லை கிடையாது. "வெள்ளையரல்லாத பெண்கள் மட்டும்" என்ற தகுதி வரியைப் பலர் எடுத்துவிட்டார்கள். அதனால் இனப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாது. வேலை, இடம், மொழி, சேவை பெறும் மக்கள் என்று தேடுங்கள். நீங்கள் எழுதும்போதும், தலைவி யார் என்பதை அடையாள வரியாக விடாமல் வேலைத்திறனாகக் காட்டுங்கள்.

உதாரணம் ஒன்று. நியூஜெர்சியில் மானவி 1985-லும், நியூயார்க்கில் சகி 1989-லும் குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காகத் தெற்காசியப் பெண்களால் தொடங்கப்பட்டவை. கணவரின் விசாவைச் சார்ந்து வந்த பெண்ணுக்குப் பல நேரம் வேலை செய்யும் அனுமதியில்லை, தனி வங்கிக் கணக்கில்லை, பேச ஆங்கிலம் போதாது. பொதுவான உதவி மையம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் அவர் போனை வைத்துவிடுவார். "எங்கள் இயக்குநர் தெற்காசியப் பெண்" என்று எழுதினால் நிதியாளருக்கு அது ஒரு தகவல். "அழைப்பை எடுப்பவர் தமிழ், தெலுங்கு, வங்காளத்தில் பேசுகிறார், சார்பு விசா விதிகள் அவருக்குத் தெரியும், அதனால் முதல் அழைப்பிலேயே பாதுகாப்புத் திட்டம் போடுகிறோம்" என்று எழுதினால் பணம் கொடுக்கக் காரணம்.

கடிதம்

பெரும்பாலான இடங்களில் முதல் படி, லெட்டர் ஆஃப் இன்கொயரி, அதாவது முழு விண்ணப்பத்துக்கு முன் அனுப்பும் சுருக்கக் கடிதம். இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். பிறகு சிக்கல், நீங்கள் செய்வது, கடந்த ஆண்டின் எண்கள், இன்னும் யார் பணம் தருகிறார்கள். நாடு முழுவதற்குமான புள்ளிவிவரத்தை அரைப் பக்கம் அடுக்குவது வழக்கமான பிழை. படிப்பவருக்கு அது மனப்பாடம். உங்கள் காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதை எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் திட்ட அதிகாரியிடம் பதினைந்து நிமிடப் பேச்சு கேளுங்கள். விதி தடுக்காதவரை இது தவறில்லை, பலர் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். கடிதம் போய்க் காசோலை வர ஆறு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுக் கூட்டம் ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறைதான் நடக்கும்.

முழுச் செலவையும் கேளுங்கள்

இந்த அமைப்புகள் அதிகம் நட்டப்படுவது இங்கேதான். புதிய சமூக முயற்சிகளுக்கு நிதி தரும் எக்கோயிங் கிரீனும் ஆலோசனை நிறுவனமான பிரிட்ஜ்ஸ்பானும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எக்கோயிங் கிரீனுக்கு விண்ணப்பித்து அரையிறுதிச் சுற்றுவரை வந்தவர்களில் கறுப்பினத் தலைமையுள்ள அமைப்புகளின் வரவு, வெள்ளையர் தலைமையுள்ளவற்றைவிட 24 சதவீதம் குறைவு. நிபந்தனையற்ற நிகரச் சொத்து 76 சதவீதம் குறைவு. வரவைவிடக் கைமுதலில்தான் பள்ளம் பெரிது. நிபந்தனையில்லாப் பணம் வராமல், செலவையும் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பள்ளம் தூராது.

கற்பனையான ஒரு திட்டத்தைக் கணக்குப் போடுவோம். ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 55,000 டாலர். அதன்மேல் சம்பள வரி, மருத்துவக் காப்பீடு என்று 22 சதவீதம், 12,100. மொழிபெயர்ப்பாளர்களுக்கு 6,000. கூட்ட இட வாடகையில் திட்டத்தின் பங்கு 4,800. பங்கேற்பவர்களின் பயணமும் குழந்தை பராமரிப்பும் 3,600. நேரடிச் செலவு 81,500. இதன்மேல் மறைமுகச் செலவு 20 சதவீதம், 16,300. மொத்தம் 97,800.

"60,000 இருந்தால் சமாளித்துவிடுவோம்" என்று கேட்பவர்கள் வெட்டியது எதை? 22 சதவீதம், மொழிபெயர்ப்பு, குழந்தை பராமரிப்பு, மறைமுகச் செலவு. குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியாலேயே பெண்கள் வராமல் போவார்கள், ஆறாவது மாதம் வருகைப் பதிவேடு இளைக்கும், அறிக்கையில் இலக்கு எட்டவில்லை என்று எழுத வேண்டிவரும். கணக்காளர், மென்பொருள், காப்பீடு, இயக்குநரின் நேரம் எல்லாம் மறைமுகச் செலவுதான். ஃபோர்டு அறக்கட்டளை 2023 முதல் இதற்குத் திட்டச் செலவின்மேல் 25 சதவீதம் தருகிறது. கூட்டரசு கிராண்டுகளில் மறைமுகச் செலவுக்கென்று கணக்குக் காட்டாமலே எடுக்கக்கூடிய விகிதம் 2024 அக்டோபரில் 10-லிருந்து 15 ஆனது. ஆகவே 20 கேட்பது பேராசை இல்லை. ஒரே வாடகையை நேரடியிலும் மறைமுகத்திலும் இரண்டு முறை போடாமல் பாருங்கள், கணக்காளரின் கண் முதலில் போவது அங்கேதான். தலைவி சம்பளம் வாங்காமல் உழைத்தால் அந்த நேரத்தையும் விலை போட்டு, பொருள்வகைப் பங்களிப்பு என்று ஒரு வரியில் காட்டுங்கள். அவருக்கு அடுத்து வருபவர் இலவசமாக வரமாட்டார்.

திட்ட நிதியா, பொது இயக்க நிதியா என்று தேர்வு கொடுத்தால் இரண்டாவதையே கேளுங்கள். அந்தப் பணத்தைச் சட்ட வரம்புக்குள் சட்டமியற்றுபவர்களிடம் ஆதரவு திரட்டும் வேலைக்கும் (லாபியிங்) செலவிடலாம். தனியார் அறக்கட்டளை அதற்கென்றே ஒதுக்கித் தர முடியாது. வரம்பைத் தெளிவாக்கிக்கொள்ள ஐ.ஆர்.எஸ். படிவம் 5768 ஒரே பக்கம்.

பெரிய காசோலை கொண்டுவரும் ஆபத்து

பொதுமக்கள் ஆதரவுச் சோதனை என்று ஒன்று உண்டு. நன்கொடையில் ஓடும் அமைப்பின் ஐந்து ஆண்டு மொத்த ஆதரவில் மூன்றில் ஒரு பங்காவது பொதுவிடமிருந்து வர வேண்டும். ஒரு தனி நபரோ தனியார் அறக்கட்டளையோ கொடுப்பதில், மொத்தத்தில் 2 சதவீதம் வரைதான் பொது ஆதரவாகக் கணக்கில் சேரும். ஐந்து ஆண்டில் 6,00,000 டாலர் வந்ததென்று வையுங்கள், 2 சதவீதம் 12,000. ஒரே குடும்ப அறக்கட்டளை 4,00,000 கொடுத்திருந்தால் அதில் சேர்வது 12,000 மட்டும். மீதி 2,00,000 அரசிடமிருந்தும் சிறு நன்கொடையாளர்களிடமிருந்தும் வந்திருந்தால் 2,12,000 ஆகி 35 சதவீதம், தப்பித்தீர்கள். அந்த 2,00,000-இல் பாதி இன்னொரு தனி நபர் கொடுத்தது என்றால் 1,24,000-தான், 20.7 சதவீதம். அப்போது, பரந்த ஆதரவைத் திரட்ட முயல்கிறோம் என்பது போன்ற சூழ்நிலைகளைக் காட்டி, 10 சதவீதச் சோதனையில் நிற்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டு இந்தக் கவலை இல்லை, ஆறாம் ஆண்டில்தான் பலருக்குத் தெரியவருகிறது. பெரிய தொகை வரும் ஆண்டே, இந்தச் சோதனையைக் கணக்கிடும் 990 படிவத்தின் அட்டவணை ஏ-யை நிரப்பிப் பாருங்கள்.

திட்ட நிதியைக் கணக்குப் புத்தகத்தில் தனிக் குறியீட்டில் வையுங்கள். சம்பளம் தாமதமாகிறது என்று அதிலிருந்து எடுத்து வாடகை கட்டினால், பிறகு திருப்பி வைத்தாலும் அது ஒப்பந்த மீறல். செலவை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள், பொதுவாகச் சம்மதிப்பார்கள். அறிக்கை வரும்வரை காத்திருந்து சொன்னால் சம்மதம் கிடைக்காது.

இல்லை என்று பதில் வந்தால்

பெரும் நன்கொடையாளர் மெக்கன்சி ஸ்காட்டின் யீல்டு கிவிங் நடத்திய திறந்த அழைப்புக்கு 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் போனது. பெற்றது பதினெட்டில் ஒன்று. அதுவும் ஆண்டு பட்ஜெட் 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை உள்ளவர்களுக்குள் நடந்த போட்டி. மறுப்பு வந்த இரண்டு வாரத்துக்குள் திட்ட அதிகாரிக்கு நான்கு வரி எழுதுங்கள்: நன்றி, மதிப்பீட்டாளர்கள் எதைக் குறைவாகக் கண்டார்கள், அடுத்த சுற்று எப்போது, இதே வேலைக்கு வேறு யாரைப் பார்க்கச் சொல்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால், அந்தப் பெயரின் 990-பி.எஃப்-ஐ எடுத்துப் பகுதி 14-ஐத் திறங்கள்.