அலாரம் பெட்டிக்கும் ஒரு காவல்

வீட்டு அலாரத்தின் மூளை ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதிலுள்ள டாம்பர் சுவிட்ச், அதாவது யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் சுவிட்ச், பெட்டியின் கதவைத் திறந்தால்தான் கத்தும். பக்கவாட்டில் டிரில் போட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே பெட்டியின் உட்புறச் சுவரில் ஓர் அதிர்வு சென்சாரைப் பொருத்துங்கள். ஸ்பாஞ்ச் வைத்த இருபக்க டேப் மட்டும் வேண்டாம், அதிர்வை அதுவே விழுங்கிவிடும். பெயின்டைச் சுரண்டிவிட்டு எபாக்சி பசையால் ஒட்டுங்கள். சென்சாரின் இணைப்பை 24 மணி நேர மண்டலத்தில், அதாவது அலாரம் எப்போதும் கவனிக்கும் இணைப்பில் கொடுத்தால், அலாரத்தை அணைத்து வைத்திருக்கும் பகலிலும் அது விழித்திருக்கும். உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் எல்லாப் பக்கமும் தட்டித் தட்டிக் கூட்டுங்கள். அதே சுவரில் ஏசி கம்ப்ரசரும் தொங்குகிறதா? பொய் அலாரத்தில் தூக்கம் போகும். முதலில் பெட்டியை இடம் மாற்றுங்கள்.