எடின்பராவில் முதல் நாள்: தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பராவில், வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து நான் தங்கவேண்டிய இடத்துக்கு நடந்தால் ஆறு நிமிடம் என்று கைபேசி காட்டியது. ஆறு நிமிடம்தானே, டாக்ஸிக்கு எதற்குக் காசு என்று சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவைத் தாண்டியதும் வழி ஒரு சந்துக்குள் நுழைந்தது. ஃபிளெஷ்மார்க்கெட் குளோஸ் என்று பெயர். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் பழனி மலையின் ஒரு துண்டை வெட்டி இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகியதுபோலப் படிக்கட்டு. பாதி ஏறியதும் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று, டக் டக்கென்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு கீழே போனது. எதிரே இறங்கி வந்த பெரியவர் அதைக் காலால் நிறுத்தி, எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் துளி வியப்பு இல்லை. தினமும் பார்க்கிற காட்சி போலிருக்கிறது.

முதல் நாளில் பயணிகள் செய்கிற தவறுகளில் பாதி இந்த வகைதான். வரைபடம் தட்டையாக இருப்பதால் ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். எடின்பராவின் பழைய நகரம் ஒரு மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு முனையில் கோட்டை நிற்கும் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் தொண்டையில் இறுகிப்போன குழம்பு. பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் அந்தப் பாறையை அரைக்க முடியாமல் இருபுறமும் பிரிந்து போனது. பாறைக்குப் பின்னால் பதுங்கிய மண்ணும் கல்லும் கிழக்கே ஒரு வால்போல மிஞ்சின. அந்த வாலின் மேல்தான் ராயல் மைல் தெரு போகிறது. அதிலிருந்து மீன்முள் மாதிரி இருபக்கமும் இறங்குகிற சந்துகளைத்தான் ‘குளோஸ்’ என்கிறார்கள். ரயில் நிலையமோ மலைக்கு வடக்கே பள்ளத்தில் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு காலத்தில் நார் லாக் என்ற ஏரி இருந்தது. அதை வடித்த இடத்தில் இன்று பிரின்சஸ் தெருப் பூங்கா இருக்கிறது.

ஆகவே பெட்டியோடு வருகிறவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வருமுன் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே பிரின்சஸ் தெரு, அங்கே ஏற லிஃப்ட் உண்டு. தெற்கே பழைய நகரம். அந்தப் பக்கம் போவதானால் சந்துகளை விட்டுவிட்டு காக்பர்ன் தெருவில் ஏறுங்கள் (எழுத்தில்தான் ‘காக்’, வாயில் ‘கோபர்ன்’). நிலையத்துக்கும் மேலே ராயல் மைலின் ஒரு பகுதியான ஹை ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே சுலபமான ஏற்றம் வேண்டும் என்றே 1850-களில் வளைத்துப் போட்ட தெரு அது. அப்படிப் போனாலும் பல தெருக்களில் கருங்கல் பாவியிருப்பதால் சக்கரம் கடகடக்கும், ஆனால் கழலாது.

அதே தவறின் இரண்டாவது வடிவம் இன்னும் வேடிக்கை. கௌகேட் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேடி ஜார்ஜ் 4 பாலத்தின் மேல் இருபது நிமிடம் முன்னும் பின்னும் நடந்தேன். கைபேசியில் நீலப் புள்ளி கடை வாசலிலேயே நிற்கிறது, கடையைக் காணோம். கடைசியில் கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தால், என் காலுக்குக் கீழே இன்னொரு தெரு, அதில் ஆட்கள், அதில் அந்தக் கடை! வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும். நேரில் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று போகும். பாலத்தின் இருபுறமும் கடைகள் அடைத்திருப்பதால் பாலத்தில் நிற்கிறோம் என்றே தோன்றாது. பக்கத்திலுள்ள சவுத் பிரிட்ஜ் 1788-இல் திறந்தது. அதற்கு 19 வளைவுகள்; வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கட்டடங்களுக்குள் புதைந்திருக்கிறது. முகவரியில் கௌகேட் அல்லது கிராஸ்மார்க்கெட் என்று இருந்தால் கீழ்த்தளம் என்று வைத்துக்கொண்டு, விக்டோரியா தெரு வழியாகவோ கேண்டில்மேக்கர் ரோ வழியாகவோ இறங்குங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பலரும் ராயல் மைலின் கீழ்முனையில் இருக்கும் ஹோலிரூட் அரண்மனையில் தொடங்கி, மூச்சு வாங்கக் கோட்டைக்கு ஏறுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் கோட்டை, பிறகு இறக்கம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கோடையில் வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காமலே போகலாம். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய ‘விதிக்கல்’லைப் பார்க்கக் கோட்டைக்கு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2024-இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மணிமுடியும் செங்கோலும் வாளும் இங்கேதான் இருக்கின்றன. மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று வெடிக்காது. 1861-இல் துறைமுகக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளத் தொடங்கிய வழக்கம் இது. மோன்ஸ் மெக் என்ற பெரிய பழைய பீரங்கிதான் வெடிக்கும் என்று அதன் முன்னால் கேமராவோடு காத்திருந்து ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

ராயல் மைலில் ஸ்காட்டிஷ் கட்டம்போட்ட துண்டுக் கடைகளிலேயே நேரத்தைக் கரைப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஒரு கடையில் இருப்பதுதான் அடுத்த பத்துக் கடையிலும். சந்துகளுக்குள் நுழையுங்கள், இறங்க மட்டும். அட்வகேட்ஸ் குளோஸின் இருட்டிலிருந்து பார்த்தால் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம் கச்சிதமாகச் சட்டம் போட்டதுபோல் நிற்கும். ராயல் மைலின் கீழ்ப்பகுதியான கேனன்கேட்டில் டன்பார்ஸ் குளோஸுக்குள் 17-ஆம் நூற்றாண்டுப் பாணித் தோட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கட்டணம் கிடையாது, கூட்டமும் அநேகமாகக் கிடையாது.

செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்கு வெளியே நடைதளத்தில் கற்களால் பதித்த இதயம் ஒன்று இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று ஒரு குடும்பம் குழந்தையை அதன் நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தது. அவர்கள் நகர்ந்த மறுநிமிடம் உள்ளூர்க்காரர் ஒருவர் நடந்தபடியே அதன்மேல் துப்பிவிட்டுப் போனார். 1817-இல் இடிக்கப்பட்ட டோல்பூத் சிறை நின்ற இடம் அது. அதன்மேல் துப்புவது ஊர் வழக்கம். எதிர்த் தவறும் உண்டு. கிரேஃபிரையர்ஸ் பாபி நாய்ச் சிலையின் மூக்கைத் தடவினால் நல்லது நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பித் தடவாதீர்கள். சிலை தேய்கிறது என்று ஊர்க்காரர்கள் நொந்துகொள்கிறார்கள்.

அப்புறம் குடை. விட்டுவிட்டுப் போங்கள். இங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. நார்த் பிரிட்ஜ் மேல் காற்று குடையைப் பூவாக விரித்துவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டும், கழற்றி மாட்ட வசதியாக இரண்டு அடுக்கு உடையும் போதும். கடலிலிருந்து ‘ஹார்’ என்ற மூடுபனி ஏறிவந்தால் கோட்டையே காணாமல் போகும். அந்த நேரத்தில் சேம்பர்ஸ் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள், அனுமதி இலவசம். டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். திட்டத்தை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் கலை விழாக்கள் என்பதால் அறை வாடகை மலை ஏறிவிடும்.

நீண்ட பயணம் முடித்து வந்த அன்றே 251 மீட்டர் ஆர்தர்ஸ் சீட் மலையில் ஏறுவது வீண் வீரம். மாலையில் கால்டன் குன்றுக்குப் போங்கள், பத்து நிமிட ஏற்றம்தான். 1826-இல் கிரேக்கக் கோயில் மாதிரி கட்டத் தொடங்கி, பணம் தீர்ந்து, பன்னிரண்டு தூண்களோடு நின்றுபோன நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. முழுதாகக் கட்டியிருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

சில்லறை விஷயங்கள் சில. பேருந்து வரும்போது கையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போகலாம். காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள். அட்டையைத் தட்டிவிடுவது நல்லது. ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிட்ட பவுண்டு நோட்டுகள் கையில் மிஞ்சினால் கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள், லண்டனில் சில கடைகளில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ஊர்ப் பெயரை ‘எடின்பர்க்’ என்று சொல்லவேண்டாம். அங்குள்ளவர்களை ஆங்கிலேயர் என்று சொல்லவே வேண்டாம்.

திரும்பும் ரயிலுக்கு நான் பிரின்சஸ் தெருவில் ஓடிவந்தபோது, நிலையத்தை ஒட்டிய பால்மோரல் ஹோட்டலின் கோபுரக் கடிகாரம் ரயில் கிளம்பும் நேரத்தைக் காட்டியது. போச்சு என்று நடையைத் தளர்த்திவிட்டேன். ரயிலைப் பிடிக்கிறவர்களுக்காக அந்தக் கடிகாரத்தை மூன்று நிமிடம் வேகமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது, அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.