சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்

கன்வேயரில் சிக்கிய அட்டைப்பெட்டியை எடுக்க ஒருவர் உள்ளே கையை விட்டிருப்பார். அது தெரியாமல், "ஏன் ஓடவில்லை?" என்று இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிடுவார். பழுது பார்க்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் விரல்கள் பறிபோவது இப்படித்தான்.

அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் நம்பி இயந்திரத்துக்குள் கை வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுங்கள். சாவி வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள், ஆளுக்கொரு சாவி. மேற்பார்வையாளர் மேசையில் மாற்றுச் சாவி கிடந்தால், அது பூட்டாததற்குச் சமம் என்றே சொல்வேன்.

பூட்டிய பிறகு, அருகில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். பக்கத்து இயந்திரத்தின் சுவிட்சை மாற்றி அணைத்திருந்தால், அது இப்போதே தெரிந்துவிடும். பார்த்தபின் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

மின்சாரம் நின்றாலும் ஆபத்து முழுவதும் நின்றுவிடாது. குழாயில் அடைபட்ட காற்றழுத்தம், தூக்கி நிறுத்திய ஹைட்ராலிக் மேடை, இறுகி நிற்கும் ஸ்பிரிங், கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் எல்லாம் மிச்சமிருக்கும். காற்றை வெளியேற்றுங்கள், மேடைக்கு முட்டுக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பாதுகாப்பு மூடிகளைத் திரும்ப மாட்டுங்கள். பூட்டியவரே வந்து தம் பூட்டைத் திறக்க வேண்டும்.