அலுவலக லேப்டாப்: கடையிலேயே பார்க்க வேண்டியவை

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஷூ கம்பெனிக் கணக்குப் பிரிவு, ஆடிட்டர் ஆபீஸ், லாரி புக்கிங் என்று எங்கே போனாலும், முதல்முறை வாங்குகிறவர்கள் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வாரண்டி, பில் பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ரேமை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். "8 ஜிபி போதும் சார், வேணும்னா பின்னாடி போட்டுக்கலாம்" என்பார்கள் கடையில். நாமும் தலையாட்டிவிடுவோம். ஆனால் குறைந்த விலை லேப்டாப் பலவற்றில் ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி பற்றவைத்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். கூடவே ரேம் செருக ஒரு காலி ஸ்லாட் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் கடைசிவரை அதே 8 ஜிபிதான். தனி கிராபிக்ஸ் இல்லாததால் அதிலும் ஒரு பங்கு திரைக்குப் போய்விடும்.

ராணிப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். டேலியில் ஒன்றுக்கு மேல் கம்பெனி, பெரிய எக்செல் ஃபைல், குரோமில் வரிசையாக டேப், வாட்ஸ்அப் வெப். ஒவ்வொரு முறை எக்செலுக்குத் திரும்பும்போதும் திரை வெளுத்து அப்படியே நின்றது. "ரேம் ஏத்திக் குடுத்துடுங்க அண்ணா" என்றார் அங்கே வேலை செய்யும் பெண். பின்மூடியைக் கழற்றினேன், ஸ்லாட்டே இல்லை. அவர்கள் இன்னொரு லேப்டாப் வாங்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே 16 ஜிபி எடுத்திருந்தால் வித்தியாசத் தொகையோடு போயிருக்கும்.

கடையிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ், அதில் மெமரி. 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது சால்டர் செய்த ரேம்; 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். பக்கத்திலுள்ள ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், சால்டர் ரேமையும் அது ஸ்லாட்டாகக் காட்டும். அடியில் ஒட்டியுள்ள முழு மாடல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு, ஸ்லாட் உண்டா என்று பாருங்கள். ஒரே பெயரில் பல ரகம் விற்பதால் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை.

64 ஜிபி இஎம்எம்சி

ஃபைல்களை வைக்கும் இடமாக, எஸ்எஸ்டிக்குப் பதில் போர்டிலேயே பதித்த மெதுவான சிப் இது. வேண்டாம்.

'ஐ5' என்ற பெயரில் மயங்குவது

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். ஐ5 என்பது இன்டெல் பிராசசரின் பெயர்; அது எத்தனையாவது தலைமுறை என்றும் பார்க்க வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

கீபோர்டைப் பார்க்காமல் விடுவது

14 அங்குல மாடல்களில் பெரும்பாலும் தனி நம்பர் பேட் இருக்காது. நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவருக்கு 15.6 அங்குலம் பாருங்கள். அதிலும் சிலவற்றில் இருக்காது. அதில் உட்காரப்போகிறவரையே கடைக்குக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.