பரணில் ஏறும் சிவப்பு ஒயின்

சென்ற மாதம் இந்திராநகரில் ஒரு விருந்துக்குப் போயிருந்தபோது, நண்பரின் தம்பி சமையலறைப் பரணிலிருந்து ஒரு ரியோகா (ஸ்பெயினின் ரியோகா பகுதிச் சிவப்பு ஒயின்) பாட்டிலைப் பெருமையோடு இறக்கினார். நானும் ஒரு காலத்தில் அதே பெருமையோடு அதே காரியத்தைச் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். கோப்பையை விளிம்புவரை நிரப்புவது, கார்க்கை உடைத்து உள்ளே தள்ளுவது போன்றவற்றை இரண்டாவது பாட்டிலிலேயே எவரும் திருத்திக்கொள்வார்கள். அப்படி எளிதில் பிடிபடாத தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

பரண்

ஸ்பெயினின் ஆரோ ஊரில் 1877 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் லோபஸ் தே எரேதியா ஒயின் ஆலையின் பாட்டில் ஒன்றை மாமா எனக்குக் கொண்டுவந்து தந்தார். ரியோகா விதிப்படி 'ரெசெர்வா' (முதிரவைத்த ஒயின்) என்று பெயரிட மொத்தம் 3 ஆண்டுகள் முதிர்ந்து, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயிலும் ஆறு மாதம் பாட்டிலிலும் இருந்தால் போதும். இக்குடும்பமோ தொந்தோனியா என்ற தன் தோட்டத்து ரெசெர்வாவைத் தானே செய்த பீப்பாய்களில் ஏறத்தாழ 6 ஆண்டுகள் கிடத்தி, பாட்டிலிலும் முதிரவிட்ட பிறகே விற்பனைக்கு அனுப்புகிறது. பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே என்று நம்பி, அதை நான் அடுப்புக்கு மேலிருந்த பரணில் வைத்தேன். ஏப்ரலில் வெளியே 35 டிகிரியைத் தொடும் இவ்வூரில், கூரையை ஒட்டிய பரண் அதைவிடவும் சூடாகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சூட்டில் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டு கோடைகள் கழித்து மாமாவின் முன்னிலையிலேயே திறந்தேன். வேகவைத்த பழத்தின் வாடையும் காடி நெடியும்தான் எஞ்சியிருந்தன. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சோடா கேட்டார். பணம் போனதைவிட, 'வைக்க வைக்க ருசி கூடும்' என்று அவருக்கே நான் பாடம் நடத்தியது இன்றும் உறுத்துகிறது.

ஆண்டுக்கணக்கில் வைப்பதானால் 12 முதல் 14 டிகிரியில் நிற்கும் ஒயின் குளிர்பெட்டி வேண்டும். அது இல்லாதவர்கள் வெயில் படாத உள்ளறைப் பீரோவின் அடித்தட்டில் சில மாதங்களுக்கு வைக்கலாம். கடுங்கோடையில் வீட்டு ஃப்ரிட்ஜ்கூடப் பரணைவிட மேல்.

நிற்கவைப்பது

கார்க் உலரும். படுக்கவையுங்கள்.

அறை வெப்பநிலை

இச்சொல் ஐரோப்பியக் கல்வீடுகளின் அறையைக் குறித்தது; 16 முதல் 18 டிகிரி என்று கொள்ளவேண்டும். நம் கூடத்தின் 28 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடியே மேலெழும். ஒரு மணி நேரம்போல ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

வண்டல்

முதிர்ந்த பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்திவைத்து, வண்டல் அடியில் படிந்தபின் அசைக்காமல் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடவேண்டும்.

மிளகாய் தூக்கலான சுக்கா

சிவப்பு ஒயினோடு வேண்டாம்.

நண்பரின் தம்பி இறக்கிய பாட்டிலின் கார்க்கை விரலால் தடவிப் பார்த்தேன், இன்னும் மேலேறியிருக்கவில்லை. அன்றிரவே திறந்துவிடச் சொன்னேன். “இன்னும் அஞ்சு வருஷம் வைக்கலாம்னு சொன்னாங்களே அண்ணா” என்றபடி, அவர் மீண்டும் பரணைப் பார்த்தார்.