பிள்ளையின் தாடைச் சிகிச்சையும் ஊர்ப் பயணமும்

"ஊருக்குப் போகிறோமே, அப்படியே பிள்ளைக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா? அங்கே செலவு குறைவு." சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் உறவுகள் விடுமுறைக்கு முன்பு என்னிடம் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் என் பதில். சொத்தைப் பல்லை இரண்டு முறை போய் அடைத்துக்கொண்டு வந்துவிடலாம். வளரும் தாடையை வழிக்குக் கொண்டுவரும் சிகிச்சை அப்படியல்ல. கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்குப் போடும் ட்வின் பிளாக், அதாவது மேலும் கீழுமாக இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் கருவி, ஒன்பது மாதமாவது, ஒரு வருடமாவது வாயில் இருக்க வேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ராமநாதபுரத்தில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டால், அதை யார் பார்ப்பது?

காட்டிக் கருத்துக் கேட்க விடுமுறை நல்ல நேரம். ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உடனே சிகிச்சை என்று பொருளல்ல; கோளாறுக்கு ஏற்பக் காலம் மாறும். மேல்தாடை பின்தங்கிக் கீழ்ப்பற்கள் முன்னால் வந்து கடித்தால், முகத்தில் மாட்டும் கருவி பத்து வயதுக்குள் நன்றாகப் பலன் தரும். மேல்தாடை குறுகியிருந்தால் அண்ணத்தின் நடு இணைப்பு இறுகுவதற்கு முன்பே விரிக்க வேண்டும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், உயரம் சரசரவென்று ஏறும் பருவம்வரை பெரும்பாலும் காத்திருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு அது ஓரிரு வருடம் முன்னதாகவே வந்துவிடும். முன்பல் துருத்தி, விழுந்தால் உடையும் என்ற நிலையில் சீக்கிரம் தொடங்குவதும் உண்டு.

ஊரில் பெரியவர்கள் இரண்டு சொல்வார்கள்: "தெத்துப்பல் யோகம்", "வளர வளரச் சரியாகிவிடும்." யோகத்தை விட்டுவிடுவோம். கீழ்த்தாடை முன்னால் வந்த பிள்ளைக்கு இரண்டாவது பேச்சு ஆபத்தானது. வளர வளர அது கூடத்தான் செய்யும், அதுவும் பரம்பரையில் இருந்தால். அதனால் அப்பத்தா வீட்டுக்குப் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களை நிதானமாகப் பாருங்கள். தாத்தா, சின்னத்தாத்தா, அத்தைமார் முகங்களைப் பக்கவாட்டில் பார்க்கக் கிடைத்தால் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் குடும்ப வரலாறு அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அதைக் காட்ட முடியாது.

ராமநாதபுரத்தில் காட்டுவதென்றால், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்புப் படித்தவர் எந்தக் கிழமை வருவார் என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். பல கிளினிக்குகளில் அவர் வெளியூரிலிருந்து குறித்த நாளில் வந்துபோகிறவராக இருப்பார். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. விமானம் அங்கேதான் இறங்குகிறது என்றால் வரும்போதோ போகும்போதோ ஒருநாள் ஒதுக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கிளிப் போட்ட பிள்ளையோடு வருகிறவர்களுக்குத்தான் என் கவலை அதிகம். என் மகன் குலசாமி கோயில் கிடாவெட்டில் பந்தியில் உட்காரும்போது ட்வின் பிளாக்கைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தான். சாப்பிட்டான், இலையை மடித்தான், எழுந்துவிட்டான். எச்சில் இலைக் குவியலில் முழங்கைவரை குழம்பு படிய ஒவ்வோர் இலையாகப் பிரித்து, பதினான்காவது இலையில் ரோஜா நிறத் துண்டு ஒன்றைப் பார்த்தேன். அதன் ஜோடி இன்னும் கீழே கிடந்தது. அன்றிலிருந்து விதி ஒன்றுதான்: வாயில் இல்லையென்றால் டப்பாவில்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் இறங்குவதற்கு முன்பே டப்பாவைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிக்கும்வரை அவரிடமே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துபோகும். உடைந்தால் வீட்டுப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பல்லில் ஒட்டிய கம்பிக் கிளிப் என்றால் கடலைமிட்டாயும் சில்லுக் கருப்பட்டியும் வேண்டாம், நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம்.

அண்ணம் விரிக்கும் திருகுக் கருவி போட்டவர்கள் அதைத் திருப்பும் சாவியைக் கைப்பையில் வையுங்கள். ஒரு திருப்பு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். பயணத்தில் ஒருநாள் தவறினால் மறுநாள் சேர்த்துத் திருப்பாதீர்கள். உங்கள் மருத்துவருக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை திருப்பு என்று பாஸ்போர்ட்டோடு ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.