முகாமில் காகித மணி: சுருட்டுவது முதல் கூலி கொடுப்பது வரை

அகதி முகாமில் பெண்கள் எடுத்துச் செய்யும் தொழிலுக்கு மின்சாரமோ பெரிய முதலோ தேவைப்படக் கூடாது. குழந்தை அழுதால் பாதியில் வைத்துவிட்டு எழ முடிய வேண்டும். காகித மணி மாலைக்கு இவை எல்லாம் பொருந்தும்.

பழைய நாட்காட்டி, பளபளப்பான வார இதழ்த் தாள் நல்லது. செய்தித்தாளைத் தவிருங்கள், மை கையெல்லாம் ஒட்டும், மணியும் மங்கலாக வரும். ஏ4 தாளை நீளவாக்கில், அடி 2 செ.மீ., நுனி கூராக, தலைகீழாக மாற்றி மாற்றி வெட்டினால் சுமார் 20 முக்கோணப் பட்டைகள் கிடைக்கும். ஒரு மாலைக்கு அது போதும்.

அகன்ற முனையைப் பல்குத்தும் குச்சியில் வைத்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். முதல் சுற்றில் பசை படக் கூடாது. பட்டால் மணி குச்சியோடு ஒட்டிக்கொள்ளும், உருவும்போது கிழியும். இரண்டாம் சுற்றிலிருந்து வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பட்டையின் நுனி நடுவிலேயே ஓட வேண்டும். விலகினால் உடனே பிரித்துச் சுருட்டுங்கள். காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. கடைசி நுனியைக் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். சுற்று தளர்ந்திருந்தால் உள்தாள் கொம்புபோல வெளியே நீண்டுவிடும்.

ஓர் இரவு காயட்டும். அவசரப்பட்டு வார்னிஷ் பூசினால் உள்ளே தங்கிய ஈரம் வெண்படலமாகத் தெரியும். நெருக்கமான குடிலில் கைக்குழந்தைகளும் இருப்பதால், தண்ணீரில் கரையும் வார்னிஷே வாங்குங்கள். இரண்டு பூச்சு போதும். மணிகள் ஒன்றையொன்று தொடாதபடி குச்சிகளை மணலில் குத்தி வையுங்கள்.

60 செ.மீ. நைலான் நூலில், 2 மி.மீ. சிறுமணியை இடையிடையே விட்டுக் கோத்தால் சுமார் 45 செ.மீ. மாலை வரும். மீதி நூல் முடிச்சுக்கு.

விலை போடும்போதுதான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. பொருள் செலவை எழுதுகிறார்கள், நேரத்தை விட்டுவிடுகிறார்கள். வெட்டுவதிலிருந்து முடிச்சுவரை கடிகாரம் பார்த்து அளந்து, அந்தக் கூலியையும் சேதாரத்தையும் விலையில் சேருங்கள். மாலை விற்ற பிறகு பணம் என்று சொல்லாதீர்கள். ஒப்படைக்கும் நாளிலேயே கொடுங்கள். இந்த வாரக் காசு நிச்சயம் என்று தெரிந்தால்தான் ஒரு தாய் அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்கத் துணிவாள். கணக்குப் புத்தகம் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

மாதிரி மாலை ஒன்றைச் சுவரில் தொங்கவிடுங்கள். ஒரு மணியை ஒதுக்கினால், அதைச் செய்தவரின் உள்ளங்கையில் வைத்தே பிழையைக் காட்டுங்கள்.